மரியா மொண்டிசோரி: மகனைப் பிரிந்திருந்த தாய் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய பக்கம் போகும் வீதியில் இருக்கிறது கஹவத்தை. நகரத்தைத் தாண்டி உள்ளே ஏறும் தோட்டப் பாதைகளில், விடிந்தும் விடியாத நேரத்தில் நாளாந்தம் ஒரே காட்சிதான். பால் வெட்டப் போகிறவர்களும் கொழுந்தெடுக்கப் போகிறவர்களும் லயத்திலிருந்து அவசர அவசரமாக இறங்குவார்கள். சிலரது இடுப்பில் தூக்கம் கலையாத ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் இறக்கிவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் தோட்டத்து வாயில் அது இன்றும் பிள்ளைக்காம்பராதான்.

அப்படியான ஒரு நிலையத்துக்கு அண்மையில் போயிருந்தபோது, மூன்று மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் வாசற்படியில் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அம்மாயிதான் கூட்டிவந்து விடுகிறார். உள்ளே மற்றப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. பத்து மணியளவில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பிளாஸ்டிக் கோப்பைகள் நிறைந்த ஒரு கூடையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டே போனான். நாளாந்தம் அது அவனுடைய வேலை என்று பிறகு தெரிந்தது.

இதை எங்கே படித்தீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். எங்கும் படிக்கவில்லை, கையில் ஒரு வேலை இருந்தால் அவன் பாதையைப் பார்ப்பதை மறந்துவிடுகிறான் என்றார். மொண்டிசோரி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றதற்கு, டவுனில் இருக்கும் நர்சரியைச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார்.

அவர் மட்டுமல்ல, இலங்கையில் பெரும்பாலானோருக்கு மொண்டிசோரி என்பது ஒரு மனிதரின் பெயர் அல்ல. பாலர் பாடசாலைக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி ஒரு வைத்தியர். யுத்தத்தால் நாடு நாடாகத் துரத்தப்பட்டவர். ஆறாண்டுகளுக்கு மேல் இந்தியாவில், அதிலும் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் கழித்தவர். இலங்கைக்கும் வந்து போனவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் பெற்ற பிள்ளையைத் தன்னுடன் வைத்திருக்க முடியாமல் பதினைந்து வருடங்கள் தவித்த ஒரு தாய். அந்த நிலையத்தில் கண்ட கோப்பைக் கூடையின் கதை ஒரு வகையில் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

உரோமின் முதல் பெண் வைத்தியர்களில் ஒருவர்

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் அங்கோனா பிரதேசத்தில் உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே வாசிப்பில் ஆர்வம் கொண்டவர். மகள் ஆசிரியையானால் போதும் என்பது தந்தையின் எண்ணம். மகளோ மருத்துவம் படிக்க விரும்பினார். அக்காலத்து இத்தாலியில் அது பெண்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய படிப்பாக இருக்கவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து சடலங்களை அறுத்துப் படிக்கப் பெண்ணுக்கு அனுமதி இல்லாததால், எல்லோரும் போன பிறகு மாலையில் தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே வருடம் பேர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில், சமமான வேலைக்குப் பெண்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்று பேசினார்.

பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, உரோமின் மனநோய் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர்களும் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு விடுதியில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து பாண் துணுக்குகளைப் பொறுக்குவதாகப் பராமரிப்பாளர் அருவருப்போடு முறையிட்டார். மொண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். கையில் எடுக்கவோ, தொட்டுப் பார்க்கவோ, உருட்டி விளையாடவோ ஒரு பொருள் கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது வயிற்றுப் பசி அல்ல, கைகளின் பசி என்று அவருக்குப் பட்டது.

இத்தார், செகென் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். காதும் வாயும் மனமும் மூடிக் கிடப்பதாகக் கருதப்பட்ட பிள்ளைகளை, தொட்டும் எடுத்தும் அடுக்கியும் பழகும் பொருட்கள் வழியாக அவர்கள் மீட்டெடுக்க முயன்றிருந்தார்கள். மொண்டிசோரியும் அதே வழியில் போனார். அவரிடம் படித்த சில பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகளுக்கான பரீட்சையிலேயே தேறியபோது ஊர் வியந்தது. அவருக்கு வந்தது வேறொரு கேள்வி. கைவிடப்பட்ட பிள்ளைகளே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளை நமது பாடசாலைகள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கின்றன என்பதே அந்தக் கேள்வி.

மகன்

அந்தப் பணியில் அவரோடு இருந்தவர் கியூசெப்பே மொண்டெசானோ என்ற வைத்தியர். இருவருக்கும் இடையில் காதல் உண்டானது. 1898 மார்ச் 31இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயரிட்டார்கள். திருமணமாகாத ஒரு பெண் குழந்தையோடு நின்றால், அவர் போராடிப் பெற்ற தொழில், பெயர், மேடை எல்லாம் ஒரே நாளில் போய்விடும் காலம் அது. தகப்பனுக்கு அப்படி எதுவும் போகாது. குழந்தையை இரகசியமாக உரோமுக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். 1901இல் மொண்டெசானோ வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மொண்டிசோரி தான் நடத்திவந்த பணியையே விட்டு விலகி, மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குப் போய் மெய்யியலும் கல்வியும் படிக்கத் தொடங்கினார்.

மகனைப் பார்க்க இடைக்கிடை போவார். ஆனால் தான் யார் என்று சொல்வதில்லை. நல்ல உடை உடுத்திய ஒரு பெண் எப்போதாவது வருவாள், பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்பதே சின்ன மரியோவின் நினைவாக இருந்தது. பிறகு அவன் விடுதிப் பாடசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டான்.

மொண்டிசோரியைக் குறைசொல்ல விரும்புகிறவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஊருக்கெல்லாம் பிள்ளை வளர்ப்புச் சொன்னவர் தன் பிள்ளையை வளர்க்கவில்லை என்பார்கள். மத்திய கிழக்குக்குப் போகும் நமது தாய்மாரைப் பற்றியும் இதே குரலில்தான் பேசுகிறார்கள். பிரிவுக்கு யார் காரணம், எந்தக் கூலி, எந்தச் சட்டம், எந்த ஊர் வாய் காரணம் என்று அந்தக் குரல் கேட்பதில்லை. பிள்ளைக்கு வலித்தது என்பது உண்மை. தாய்க்கும் வலித்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும்.

சன் லொரென்சோவின் பிள்ளைகள்

1907 ஜனவரி 6ஆம் திகதி, உரோமின் சன் லொரென்சோ பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை திறக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. தாயும் தகப்பனும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். அதற்கும் சின்னப் பிள்ளைகள் நாள் முழுவதும் மாடிப்படிகளில் தனியே அலைவார்கள், சுவர்களில் கிறுக்குவார்கள். கட்டடங்களைத் திருத்தி வாடகைக்கு விட்டிருந்த நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்தது. சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளையடிப்பதைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமிப்பது இலாபம். அந்த வேலைக்கு மொண்டிசோரியை அழைத்தார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. பிள்ளைக்காம்பராவும் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் கட்டப்பட்டதல்ல. தாயின் இரண்டு கைகளும் மலைக்குத் தேவைப்பட்டன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்க முடியாது. அதனால் ஓர் அறை, சில ஏணைகள், ஓர் ஆயா. சன் லொரென்சோவிலும் நோக்கம் அதுதான். ஆனால் அந்த அறைக்குள் நடந்தது வேறு.

சுமார் 50 பிள்ளைகள். அழுக்கோடு, பயத்தோடு, அழுகையோடு வந்தார்கள். பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் படித்த ஆசிரியை அல்ல. கட்டடக் காவலாளியின் மகள். மொண்டிசோரி அவருக்குப் பெரிய பாடத்திட்டம் எதையும் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் உயரத்துக்குச் சின்ன மேசைகளும் கதிரைகளும் செய்வித்தார். முன்னர் பயன்படுத்திய பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு உட்கார்ந்து கவனித்தார்.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத்துளைகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பொருத்தியதும் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்கினாள். சுற்றி மற்றப் பிள்ளைகள் பாடினார்கள். அவள் உட்கார்ந்திருந்த கதிரையையே மொண்டிசோரி தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் நிமிரவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை செய்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போலத் தெளிந்த முகத்தோடு நிமிர்ந்தாள். இன்னொரு நாள் பொறுப்பாளர் பிந்தி வந்தபோது, பூட்டாமல் விட்ட அலுமாரியிலிருந்து பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் அதைத் திருட்டு என்று நினைத்தார். மொண்டிசோரியோ, எது எங்கே இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாத தட்டுகள் வந்தன.

மூக்குச் சிந்தும் பாடம் பற்றிய ஒரு சம்பவமும் உண்டு. கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று மொண்டிசோரி ஒரு நாள் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். அவர்கள் கவனமாகப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். மூக்குச் சளிக்காகப் பிள்ளைகளை எல்லோரும் திட்டுகிறார்கள், பரிகசிக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று ஒருவரும் மரியாதையோடு சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த மரியாதைக்குக் கிடைத்த கைதட்டல் அது.

அங்கிருந்த இன்னொரு விதியையும் நாம் கவனிக்க வேண்டும். தாய்மார் பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து பிள்ளையைப் பற்றிப் பொறுப்பாளரோடு பேச வேண்டும். பள்ளி, குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. எந்த நேரத்திலும் தாய் எட்டிப் பார்க்கலாம். வீட்டையும் பள்ளியையும் இரண்டு உலகங்களாக அவர் பிரிக்கவில்லை.

நிலம் நடுங்கிய பின்

1908 டிசம்பர் 28 அதிகாலையில் மெசீனா நகரத்தைப் பூகம்பமும் கடலலையும் அழித்தன. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. இடிபாடுகளுக்கிடையே மீட்கப்பட்ட சுமார் 60 அநாதைப் பிள்ளைகள் உரோமில் கியூஸ்தி வீதியில் இருந்த ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலருக்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பேசவில்லை. சாப்பிட வைப்பதும் தூங்க வைப்பதும் பெரும்பாடு. இரவில் அலறல்.

அந்த மடத்தில் மொண்டிசோரியின் முறை கொண்டுவரப்பட்டது. நடந்ததைச் சொல்லுங்கள் என்று யாரும் அந்தப் பிள்ளைகளைத் தோண்டிக் கேட்கவில்லை. மறந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அழகான சின்ன மேசைகள், பூக்கள், வண்ணத் துணிகள். எப்படி நடப்பது, எப்படித் தட்டை ஏந்துவது, எப்படி ஒருவருக்குப் பரிமாறுவது என்று கன்னியர் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்கள். இன்று நடந்தது நாளையும் அதே நேரத்தில் நடந்தது. இன்று வந்த முகம் நாளையும் வந்தது. மெல்ல மெல்லப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், ஓடினார்கள், சிரித்தார்கள். இழந்த தாய் தகப்பனை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. காலுக்குக் கீழே நிலம் நடுங்காது என்ற நம்பிக்கை மட்டும் திரும்பக் கிடைத்தது. மொண்டிசோரியின் பணியில் யுத்தப் பிள்ளைகள் என்ற எண்ணம் வேரூன்றியது இதற்குப் பிறகுதான்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். காயப்பட்ட சிப்பாய்களுக்குச் செஞ்சிலுவை இருப்பதுபோல, யுத்தத்தில் மனம் காயப்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு வெண்சிலுவை அமைப்பு வேண்டும். வைத்தியர்கள், தாதியர், ஆசிரியர்கள் அதற்கெனப் பயிற்றப்பட்டு அகதிகள் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்றார். அந்தப் பிள்ளைகளின் காயத்தைப் பார்க்காமல் விட்டால் அது அடுத்த தலைமுறைக்கும் போகும் என்று அவர் எச்சரித்தார். பெரிய நாடுகள் எதுவும் காது கொடுக்கவில்லை. அந்த அமைப்பு உருவாகவே இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் வந்த பிள்ளைகளை நினைத்தால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் மறுக்கப்பட்ட அந்த யோசனையின் பெறுமதி நமக்கு விளங்கும்.

சேர்ந்ததும் மறுபடி பிரிந்ததும்

1912 டிசம்பரில் மொண்டிசோரியின் தாய் இறந்தார். அடுத்த வருடத்தில் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு ஏறக்குறைய 15 வயது. வழக்கமாக வந்து போகும் அந்தப் பெண்ணிடம் அவனே போய், நீங்கள்தான் என் அம்மா என்று எனக்குத் தெரியும், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் மறுக்கவில்லை. அதன்பின் இருவரும் பெரும்பாலும் ஒன்றாகவே வேலை செய்தார்கள். இருந்தும் வெளியாருக்கு மரியோ மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிமுகப்படுத்தப்பட்டார். மகன் என்ற சொல் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாய்க்குள்ளேயே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் மொண்டிசோரியின் பெயர் உலகெங்கும் பரவியது. 1913இல் அமெரிக்காவில் பெரும் வரவேற்பு. 1931இல் லண்டனில் காந்தி அவரது பயிற்சிக் கல்லூரிக்கு வந்து பேசினார். அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. தன் பள்ளிகள் பரவ வேண்டும் என்பதற்காக 1920களில் முசோலினியின் ஆதரவை ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைச் சீருடை போட்ட படையாக்கும் அரசோடு அது நெடுநாள் ஒத்துவரவில்லை. 1934இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜேர்மனியிலும் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தபோது 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. உயிர் தப்பிக் கடைசியில் நெதர்லாந்தில் தஞ்சமடைந்தார். வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ஓடுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

1939இல் பிரம்மஞான சபையின் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 69 வயதில் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கித் திரும்புவதே திட்டம். ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சி வகுப்புக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300 பேருக்கு மேல் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டவரானார்கள். மரியோ அகமத்நகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மொண்டிசோரி அடையாறு வளவை விட்டு வெளியே போகக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். பிள்ளையாக இருந்தபோது பிரிந்த மகனை, 70ஆவது வயதில் யுத்தம் மறுபடியும் பிரித்தது. தடுப்பு முகாமின் வாசலையும் வராத கடிதத்தையும் காத்திருப்பதையும் அறிந்த வாசகர்களுக்கு அந்த மாதங்கள் எப்படி நகர்ந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

1940 ஓகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அதையொட்டி வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பித் தருகிறோம் என்பது அதன் சாரம். மரியோ திரும்பி வந்தார். அந்தத் தந்தியில் மகன் என்று எழுதியிருந்தது. 42 வருடங்களாக ஊருக்குப் பயந்து மறைத்த உறவை, அவர்களைச் சிறைப்படுத்திய அரசாங்கமே வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைத்துவிட்டது.

கொடைக்கானலும் இலங்கையும்

அடுத்து இரண்டாண்டுகள் வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே ஒரு சின்னப் பள்ளி. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். செடி, பூச்சி, குளம், மலை எல்லாம் பாடமாயின. 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். நம் நாட்டுப் பாலர் பாடசாலைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அதே காலத்தில் அகமதாபாத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள், பிறந்தது முதல் மூன்று வயது வரையான காலத்தைப் பற்றியவை. பின்னர் 1949இல் அவை சென்னையில் நூலாக வந்தன. சின்னப் பிள்ளை தன்னைச் சுற்றியிருப்பதைக் கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது அதன் மையம். பேச்சை மட்டுமல்ல, வீட்டின் பயத்தையும் அமைதியையும் சேர்த்தே இழுத்துக்கொள்கிறது. தாய் போகும் இடமெல்லாம் பிள்ளையும் கூடவே போகும் நாடுகளில் பிள்ளைகள் குறைவாக அழுவதை அவர் கவனித்திருந்தார். சந்தைக்கும் வயலுக்கும் கோயிலுக்கும் இடுப்பிலும் முதுகிலும் பிள்ளையைச் சுமந்து போகும் தாய்மாரிடம் ஐரோப்பா கற்க வேண்டியது இருக்கிறது என்று அவர் கருதினார்.

அதே யுத்த காலத்தில் லண்டனில், குண்டுவீச்சால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பராமரித்த அன்னா பிராய்ட் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நம்பிக்கையான ஒருவரின் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் குண்டுச் சத்தத்தைவிட, அந்த ஒருவரைப் பிரிவதே அதிகம் உலுக்குகிறது என்று அவர் கண்டார். பங்கருக்குள் அம்மாவின் மடியில் தூங்கிய நினைவு உள்ளவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

1946இல் ஐரோப்பா திரும்பிய மொண்டிசோரி, மறுபடியும் இந்தியாவுக்கு வந்து போனார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று வருடங்களும் நோபல் சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்த்வைக் என்ற கடலோர ஊரில் இறந்தபோது மரியோ பக்கத்தில் இருந்தார். உயிலில் மரியோவைத் தன் மகன் என்றே எழுதியிருந்தார். மரியோ 1982இல் இறக்கும்வரை தாயின் பணியைத் தொடர்ந்தார். பதினைந்து வருடம் தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை அந்தத் தாயை வெறுக்கவில்லை. பிரிவு உண்டாக்கிய காயம் பெரிதுதான். ஆனால் உண்மை சொல்லப்பட்டதும், திரும்பி வந்தவர் மறுபடி போகாமல் இருந்ததும் அதைப் பெருமளவு ஆற்றின என்றுதான் இந்த இருவரின் வாழ்க்கையை வைத்து என்னால் சொல்ல முடிகிறது.

நமக்கு இதில் என்ன?

1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கஹவத்தையிலும் இருக்கிறார்கள், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களை அங்கே இன்னொரு யுத்தம் காத்திருந்தது. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை நிலநடுக்கம். அம்மாயிக்கு வந்த பயத்தை அம்மா உறிஞ்சியிருக்கிறார். அம்மாவிடமிருந்து பிள்ளை உறிஞ்சியிருக்கிறது. சத்தம் கேட்டால் ஏன் இந்தப் பிள்ளை இப்படித் துடிக்கிறது என்று நாம் கேட்கும்போது, விடை சில வேளை பிள்ளைக்கு முன்பே பிறந்திருக்கிறது.

மொண்டிசோரியின் பெயரை இன்று யாரும் மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பெயரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துத் தாள்களும் வீட்டுப்பாடமும் கொடுக்கும் இடங்கள் நம்மிடம் ஏராளம். முதல் பரிசும் தண்டனையும் வேண்டாம் என்றவரின் பெயரில் பரிசளிப்பு விழாக்கள் நடக்கின்றன. அவர் கண்டுபிடித்தது விலை உயர்ந்த மரப் பொருட்களை அல்ல. பிள்ளைக்கு நேசம் விளங்குவது சில சாதாரண விடயங்களால்தான் என்பதை.

போகும்போது சொல்லிவிட்டுப் போவது அவற்றில் ஒன்று. பிள்ளை தூங்கும்போது களவாகக் கிளம்பினால் அழுகை குறையும் என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பிறகு தூக்கமே பயமாகிவிடுகிறது. வெளிநாட்டில் இருந்து வாரம் ஒரு தடவை, அதே நாளில், அதே நேரத்தில் வரும் அழைப்பு, எப்போதாவது வரும் பெரிய பொம்மையைவிட மேல். பிள்ளையின் கைக்கு ஏற்ற உண்மையான வேலை ஒன்று வேண்டும். கோப்பை வைப்பது, கொத்தமல்லி ஆய்வது, கோழிக்குத் தீனி போடுவது எதுவாகவும் இருக்கலாம். தன்னால் இந்த வீட்டுக்கு ஒரு பயன் உண்டு என்று அறிந்த பிள்ளை, தன்னை யாரும் வேண்டாம் என்று விடமாட்டார்கள் என்றும் அறியும். சிறுநீர் கழித்தாலும் சளி வடிந்தாலும் நாலு பேர் முன்னால் பரிகசிக்காமல், எப்படி என்று காட்டிக் கொடுப்பது. அம்மா எங்கே என்று கேட்டால் கதை கட்டாமல், அந்த வயதுக்கு விளங்கும் உண்மையைச் சொல்வது. காணாமல் ஆக்கப்பட்ட அப்பாவைப் பற்றியும் அப்படித்தான்.

இவற்றுக்குக் காசு தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் நாள் முழுக்க மலையில் நின்று திரும்பும் தாயிடம் பொறுமையை மட்டும் கேட்பது அநியாயம். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவருக்கு நல்ல சம்பளமும் பயிற்சியும், அதே ஆள் நீண்டகாலம் இருப்பதற்கான ஏற்பாடும், இடையில் தாய் வந்து பிள்ளையைப் பார்த்துப் போக நேரமும் வேண்டும். சன் லொரென்சோவில் எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம் என்று அனுமதித்தது அதற்காகத்தான். மரியாவுக்கும் மரியோவுக்கும் பதினைந்து வருடம் இல்லாமல் போனது அன்பு அல்ல, அன்பு செலுத்த அனுமதி.

நான் கிளம்பும்போது மதியமாகிவிட்டிருந்தது. கோப்பைகளைக் கழுவி மறுபடி கூடையில் அடுக்கும் வேலையையும் அந்தச் சிறுவனே எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கோப்பை குறைந்தது. எண்ணிப் பார்த்தான், மறுபடி எண்ணினான், மூலையில் உருண்டு கிடந்ததைக் கண்டுபிடித்து எடுத்து வந்தான். அம்மாயி வரும் நேரம் அவனுக்குத் தெரியும். கூடையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் வாசற்படியில் போய் உட்கார்ந்தான். காலையில் உட்கார்ந்திருந்த அதே படிதான். இப்போது முகத்தில் அந்தப் பதற்றம் இல்லை. வருவார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவருக்காக அவன் காத்திருந்தான்.